வாய்விட்டுப் படித்தவள்

கம்பெனி பஸ் வல்லக்கோட்டை வளைவைத் தாண்டியதும் பக்கத்துச் சீட்டில் முணுமுணுப்பு தொடங்கிவிடும். கையில் போன், திரையில் பாடம், ஓயாமல் அசையும் உதடுகள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தொழிற்சாலை லைனில் டிரெய்னியாகச் சேர்ந்தவள் அவள். வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் கல்லூரிப் படிப்பு. பாஸானால்தான் வேலை நிலைக்கும். "இன்னாடி, யாருக்கு மந்திரம் போட்டுக்கினு கீறே?" என்று முதல் நாளே கிண்டல் செய்தேன். "கண்ணால மட்டும் படிச்சா, வரி முடியுறதுக்குள்ள மொத வார்த்தை போயிருதுக்கா. என் குரல் என் காதுல விழுந்தாத்தான் நிக்கும்" என்றாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த மக்குதான் ஒருமுறை செய்து காட்டினால் முப்பது ஒயரையும் நிறம் பார்த்துத் தப்பில்லாமல் மாட்டுவாள்.

ஒரே ஒரு தாள் மட்டும் அவளை விடவில்லை. முதல் தடவை பாதிக் கேள்விக்கு மேல் படிக்க நேரம் போதவில்லை. இரண்டாம் தடவை, உதடு அசைவதை ஆன்லைன் தேர்வைக் கண்காணிக்கும் கேமரா பார்த்துவிட்டு, யாருடனோ பேசுகிறாள் என்று தேர்வை மூடிவிட்டது. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. சோறு இறங்காமல் கிடந்தவளிடம், மாஸ்க் போட்டுக்கொள்ளச் சொன்னவள் நான்தான். லைனில் மாஸ்க்குக்குள் மாமியார் கதை, சீரியல் கதை என்று ஷிப்ட் முழுக்கப் பேசித் தள்ளுகிறவர்கள் நாங்கள். "சூப்பர்வைசர் எதிர்ல நின்னாலே தெரியமாட்டேங்குது, கேமராவுக்கா தெரியப்போவுது? இன்னா ஆனாலும் கழட்டாதே" என்றேன். பத்தாவதோடு நின்ற எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. யாரும் உள்ளே போகாதபடி ஹாஸ்டல் அறை வாசலில் நான் காவல் நின்றேன். தொடக்கத்தில் முகத்தைக் காட்டிவிட்டு மாஸ்க்கை மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அதுவரை கேட்காத அவள் குரல் வெளியே கேட்டது. ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். கஷ்டமான கேள்வி போலிருக்கிறது, எப்படியாவது படித்துவிடட்டும் முருகா என்று வேண்டிக்கொண்டேன். திடீரென்று குரல் நின்றது. கதவைத் திறந்தேன். தேர்வு மூடப்பட்டிருந்தது. திரையிலிருந்த காரணத்தை நான் தட்டுத் தடுமாறிப் படித்துச் சொன்னேன்: முகம் மறைந்திருக்கிறது என்று எச்சரித்தும், ஒரு நிமிடத்துக்குள் காட்டவில்லை.

"அதத்தாங்க்கா படிச்சிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

கல்லூரியில் எத்தனையோ பேருக்குப் போன் போட்டோம். விதிமுறை அப்படித்தான் என்றார்கள். மாதக் கடைசியில் ஊருக்குப் போய்விட்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

இப்படிப்பட்ட சிரமம் உள்ளவர்கள் டாக்டர் சான்று கொடுத்தால் கூடுதல் நேரம் கிடைக்கும், கேள்வியைப் படித்துக் காட்டவும் ஆள் தருவார்கள் என்று போன வாரம்தான் லைனுக்கு வந்த புதுப் பெண் ஒருத்தி சொல்லித் தெரிந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்திலேயே ஊருக்குப் போனவளைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இப்ப சொல்லுதீங்களேக்கா" என்றாள். பிறகு, "கேன்டீன்ல இன்னைக்கு என்ன?" என்று கேட்டாள்.

"தக்காளி சோறுடி" என்றேன். மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.