சாமிக்குப் போன பூவும் என் கள்ளி முள்ளும்

வாசகசாலைப் பலகையில் இதை ஒட்டும்போதும் என் கோபம் அடங்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் வீட்டு வாசல். மழைநீர் தேங்காதபடி மணலும் இஞ்சின் சாம்பலும் கொட்டி மேடாக்கி, கள்ளிகளுக்கு நடுவே சீமைப் பூ விதை போட்டேன். நடுவில் கூம்பு எழும்பிய ஊதாப் பூக்கள், மாதக்கணக்கில் காத்திருந்து நேற்றுத்தான் மலர்ந்தன.

இன்று காலை ஒன்றுகூட இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா கையில் காயக்கட்டோடு வந்தார்.

"சாமிக்குத்தான் பறிச்சேன் தம்பி. கொஞ்சங்கூட வாசனையே இல்ல. கள்ளி வேற கையைக் கிழிச்சிடுச்சு. அதை வெட்டிப் போடுங்க."

பூ என்னுடையது, புண்ணியம் அவருக்கு, காயத்துக்குப் பழி மட்டும் எனக்கு!

நாளை வெள்ளிக்கிழமை, மிச்ச மொட்டுகளும் விரியும்; சாமிக்குப் பறிக்க மறுபடி வருவார். கள்ளியை வெட்டவா, இன்னும் இரண்டு வரிசை நடவா? கீழே எழுதிவிட்டுப் போங்கள்.