மத்தியானக் கடலின் சூடு

அன்று திருவனந்தபுரத்தில் அந்தக் கரமனை வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: கடல் சூட்டை ஆராயும் காயத்ரி மேடம், அவருடன் வேலை பார்க்கும் சஜி, குளச்சலில் வள்ளம் ஓட்டும் நான்.

காலை 6.50க்கு இரணியலில் பாசஞ்சர் ஏறினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய். மடியில் நோட்டு. ஒரு வருஷமாகக் காலை ஆறுக்கும் மத்தியானம் இரண்டுக்கும் வாளியில் கடல்நீர் கோரி, காயத்ரி மேடம் கொடுத்த தெர்மாமீட்டர் வைத்து எழுதியது. பாறசாலை வருமுன் நான்கு முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து அவர்களுக்குப் புரிய வேண்டுமே.

8.25க்குத் தம்பானூர் ஸ்டேஷன். கரமனைக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

"என்ன அண்ணாச்சி, இத்தர டென்ஷன்? கோர்ட்டுக்கா?" என்றார் ஆட்டோக்காரர்.

"கம்ப்யூட்டர் பார்க்கப் போறேன்."

"அய்யோ, அதைப் பாத்தா டென்ஷன் கூடும் கேட்டோ!"

ஆற்றுப் பாலம் வருமுன் வலதுபுறம் திரும்பினால் ஒட்டி ஒட்டி நிற்கும் அக்ரகார வீடுகள். "வாங்கோ அண்ணா, காப்பி சாப்பிடுங்கோ" என்று காயத்ரி உள்ளே அழைத்தார். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் கணக்காலேயே ஒரு கடலைச் செய்து வைத்திருக்கிறார்கள், அடுக்கடுக்காக. மேல் அடுக்கே பத்து மீட்டர் கனம் என்றால் பகல் வெயில் அதில் கரைந்துபோய், காலையும் மத்தியானமும் ஒரே சூடாகத் தெரியுமாம். அதனால் சஜி மேலே ஒரு மீட்டரில் மெல்லிய அடுக்கு ஒன்று சேர்த்தார். காற்றில்லாத நாளில் மத்தியானச் சூடு இரண்டு டிகிரி ஏறியது. அந்தச் சூட்டில் எழும் ஈரம்தான் மேகத்துக்குத் தீனி என்றார் காயத்ரி.

என் நோட்டை வாங்கிப் புரட்டினார் சஜி. "பக்ஷே அண்ணனோட நோட்டுல சூடு ஏறவே இல்லல்லோ" என்றார். "என் கடல் கள்ளம் பறையுது. அண்ணன் கடல்தான் சத்யம்."

"அதான் அந்த அடுக்கை எடுத்துடறோம். நாளைக்கு ரிப்போர்ட் அனுப்பணும்" என்றார் காயத்ரி.

காப்பி டம்ளரை மேசையில் வைத்தேன். காற்றில்லாத நாட்களில் தெர்மாமீட்டர் காலையைவிட இரண்டு, இரண்டரை கூடக் காட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாளியை வெயிலில் வைத்துவிட்டான், படிக்காதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். காலை எண்ணுக்குப் பக்கத்தில் வரும்படி குறைத்து எழுதினேன்.

"மேடம், அவரு கடலு பொய் சொல்லல. பொய் சொன்னது நாந்தான்" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"எண்டெ அண்ணா!" என்று சிரிக்கப் போன சஜி, காயத்ரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மேடம் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எந்தெந்த நாள்னு ஞாபகம் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மாற்றியதும் மாற்றாததும் ஒரே பேனா, ஒரே கை. எனக்கே தெரியவில்லை.

"அடுக்கு இருக்கட்டும் சஜி. ஆனா அது சரின்னு காட்ட நம்மகிட்ட ஒண்ணும் இல்லை." காயத்ரி பென்சிலால் மத்தியான வரிசை முழுவதையும், பக்கம் பக்கமாக, மேலிருந்து கீழே கோடிட்டு அடித்தார். காற்றடித்த நாட்களில் நான் உள்ளபடி எழுதியவையும் அதில் போயின.

பகல் 12.30க்குக் கிளம்பினேன். சஜி பாலம்வரை வந்தார். திரும்ப அளக்கலாமென்றால், காற்றடங்கும் மாசி, பங்குனி இனி அடுத்த வருஷம்தான்.

"சந்தேகம் வந்தப்ப ஒரு போன் பண்ணிருக்கலாமே, அண்ணா?"

பண்ணியிருக்கலாம். சஜியின் நம்பர் நோட்டின் அட்டையிலேயே இருந்தது.