மின்னலின் கைகள்

அவரை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சான்றிதழ்களில் இருந்தது. அது அங்கேயே இருந்துகொண்டது, யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. அரசு அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே மூன்று கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வைத்துப் பதினான்கு வருஷம் கடை நடத்தியவர். விண்ணப்பம், மனு, முகவரி மாற்றம், பிறப்புச் சான்று, எது வேண்டுமானாலும் அவரிடம்தான் வருவார்கள். வந்தவர் தன் அப்பா பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மின்னல் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார். விரல்கள் ஒரு பக்கம் ஓட, கண் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், வாய் அவர் வீட்டு நலம் விசாரித்துக்கொண்டிருக்கும்.

"தள்ளி உட்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்பதுதான் கடையின் பேச்சு. யாராவது ஆசையாக மவுஸ் பக்கம் கை நீட்டினால்கூட, செல்லமாகத் தட்டிவிட்டு அதையே சொல்லுவார். "என் கடைக்கு வந்தவங்க விரல் கீபோர்டுல பட்டதே இல்ல" என்று அவர் பெருமை பேசினால் அதில் துளி மிகை கிடையாது.

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. அவரவர் வீட்டில் உட்கார்ந்து அவரவரே தப்புத்தப்பாக விண்ணப்பித்துக்கொண்டார்கள். வரிசை மெலிந்தது, ஒருநாள் வரிசையே இல்லை. மின்னல் ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்தார். மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்கும் மனைவிதான் ஒரு வழி சொன்னாள்.

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். குழந்தைங்கன்னா பிடிக்கும். பேசாம வாத்தியாரா போங்க. ரெண்டு வருஷம்தானே, நான் சமாளிச்சுக்கறேன்."

இப்படித்தான் முப்பத்தொன்பது வயதில் மின்னல் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் போய்ச் சேர்ந்தார். வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது வயது. பையன்கள் அண்ணா என்றார்கள். பெண்களும் அண்ணா என்றார்கள். ஒருத்தி மட்டும் அங்கிள் என்று கூப்பிட்டுவிட்டாள். மறுநாள் மின்னல் மீசையை எடுத்துவிட்டு வந்தார். அவள் அப்போதும் அங்கிள் என்றாள்.

மற்றப் பாடங்களில் தலையால் தண்ணீர் குடித்தாலும், ஒரு பாடத்தில் தன்னை அசைக்க முடியாது என்று அவர் நம்பினார். குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று ஒரு தனிப்பாடம் இருந்தது. அதை நடத்தியவர் மின்னலைவிட ஏழு வயது இளையவரான ஒரு மேடம். குரல் எழும்பாது. கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. முதல் நாளே எல்லோரையும் கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"ஒரு குழந்தை சிக்கிக்கிட்டு முழிக்குது. நீங்க என்ன பண்ணுவீங்க?"

மின்னல் கையை உயர்த்தினார். "ரெண்டே செகண்ட்ல சரிபண்ணிக் குடுத்துடுவேன் மேடம்."

"அப்போ நீங்க கத்துக்கிட்டீங்க. குழந்தை?"

வகுப்பே சிரித்தது. மின்னலும் சிரித்து வைத்தார். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரை கூடவே வந்தது.

மேடத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. பாடம் நடக்கும்போது குழந்தையின் மவுஸையும் கீபோர்டையும் திரையையும் ஆசிரியர் தொடக்கூடாது. கேள்வி கேட்கலாம், பொறுத்திருக்கலாம், வேண்டுமானால் பலகையில் படம் போட்டுக் காட்டலாம். மதிப்பெண் தாளில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. பயிற்சி ஆசிரியர் ஒவ்வொரு தடவை தொடும்போதும் மேடம் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுவார். மூன்று கோடு வரை மன்னிப்பு. நாலாவது விழுந்தால் பாடம் தோல்வி.

பக்கத்துப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் மின்னல் தன் முதல் பாடத்தை நடத்தினார். இரண்டு குழந்தைக்கு ஒரு கம்ப்யூட்டர், மொத்தம் பன்னிரண்டு கம்ப்யூட்டர். தங்கள் பெயரை டைப் செய்து, எழுத்தைப் பெரிதாக்கி, கலர் மாற்ற வேண்டும். பாடம் ஜோராகப் போனது. எல்லாத் திரையிலும் பெயர்கள் பளபளத்தன, ஒரு குழந்தை முகத்திலும் கவலை இல்லை. மின்னல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பாராட்டுக்காக மேடத்தின் பக்கம் திரும்பினார். மேடம் தாளை நீட்டினார். கட்டத்தில் இடம் போதாமல் கோடுகள் ஓரத்தில் இறங்கியிருந்தன. பதினேழு.

"நான் எங்க மேடம் தொட்டேன்?" என்றார், நிஜமாகவே தெரியாமல்.

அதுதான் அவருடைய வியாதி. மூளைக்குச் சேதி போவதற்குள் கை போய்விடும். குழந்தையின் தோளுக்கு மேலே குனிந்து, "தள்ளிக்கோ கண்ணு" என்று வாய் சொல்லும்போதே மவுஸ் அவர் கையில் இருக்கும். பதினான்கு வருஷம் அந்தக் கைக்குச் சோறு போட்ட பழக்கம் அது.

இரண்டாவது பாடத்துக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார். அவிழ்ந்துகொண்டது. பையில் திணித்தார். வெளியே வந்துவிட்டது. இரண்டு கையிலும் கனமான புத்தகங்களைப் பிடித்துக்கொண்டார். ஒரு குழந்தை தப்பான இடத்தில் சொடுக்கப் போனதும் புத்தகங்கள் தரையில் விழுந்தன, விரல் கீபோர்டில் விழுந்தது. இந்தத் தடவை ஒன்பது.

"குறைஞ்சிருக்குல்ல மேடம்?" என்று அசடு வழியக் கேட்டார்.

"ஒன்பது தடவை குழந்தை கையிலேர்ந்து பிடுங்கியிருக்கீங்க" என்றார் மேடம். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "உங்களுக்குத் தெரிஞ்சதுல பாதிகூட இங்க மத்தவங்களுக்குத் தெரியாது. எனக்கே தெரியாது. ஆனா அடுத்த பாடம் கடைசி. வெளியிலேர்ந்து தேர்வாளர் வருவார். அதுலயும் போச்சுன்னா நீங்க இந்த வருஷத்தைத் திரும்பப் படிக்கணும். என் கையில ஒண்ணுமில்ல."

மின்னல் மனசுக்குள் கணக்குப் போட்டார். இன்னும் ஒரு வருஷம். மனைவி ஏற்கெனவே இரண்டு வருஷமாக மற்றவர்கள் விடுப்பு நாட்களையும் சேர்த்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள். கால் வீங்கித்தான் வீடு திரும்புகிறாள். அவளிடம் போய் இதை எப்படிச் சொல்வது? அன்று வீட்டுக்கு நடந்தே போனார். இரண்டு தெரு கூடுதலாகச் சுற்றிக்கொண்டு போனார். கடைசியில் சொல்லித்தான் தீரவேண்டியிருந்தது.

அவள் கத்தவில்லை. மேசைமேல் இருந்த பழைய லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எங்க ஆஸ்பத்திரியில மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பம் கேட்டிருக்காங்க. உங்ககிட்ட குடுத்துப் போடச் சொல்லலாம்னு இருந்தேன். இப்போ நானே போடறேன். நீங்க பக்கத்துல நில்லுங்க. தொட்டா இது பேசும்." இது என்றது, அவள் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்ட இரும்பு ஸ்கேலை.

அந்த ஐம்பது நிமிஷத்தை மின்னல் வாழ்க்கையில் மறக்கமாட்டார். அவர் கையில் கொடுத்திருந்தால் மூன்று நிமிஷ வேலை. அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடிக் குத்தினாள். கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாகப் போட்டாள். பிறந்த தேதி கட்டத்தில் இன்றைய தேதியைப் போட்டாள். மின்னல் ஒரு காலில் நின்றார், மறு காலில் நின்றார், ஜன்னல் வரை போய்த் திரும்பினார். ஸ்கேல் நாலு தடவை பேசியது. புகைப்படத்தை ஏற்றும் இடத்தில் அவள் வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு விரல் நுனி அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "அது உன்கிட்ட என்ன கேக்குது?" என்று மட்டும் கேட்டார். அவள் திரையை வாய்விட்டுப் படித்தாள். இரண்டாவது முறை படித்தாள். பிறகு சரியான இடத்தில் சொடுக்கினாள்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் வந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்தாள். சிரிப்பாள் என்று மின்னல் எதிர்பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது.

"பதினாலு வருஷம் கடை வெச்சிருந்தீங்க. ஒரு நாள்கூட என்னை அந்த நாற்காலியில உட்கார விடல."

"உனக்கு எதுக்கு சிரமம்னுதான்..."

"சிரமம்னு இல்லீங்க. என்னால முடியாதுன்னு நெனச்சீங்க."

 அவள் சொன்னது உண்மை. அவளைப் பற்றி மட்டும் இல்லை, மாடிப்படிக்குக் கீழே வந்து நின்ற ஒவ்வொருவரைப் பற்றியும் அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். உதவி என்று பெயர் வைத்துக்கொண்டு இத்தனை பேரைத் தள்ளி உட்கார வைத்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அன்று ஸ்கேல் பட்ட இடம் வலித்ததைவிட இது அதிகமாக வலித்தது.

கடைசிப் பாடம் மூன்றாம் வகுப்புக்கு. பார்த்த ஒரு பிராணியைப் பற்றி நாலு வரி எழுதி, வகுப்புக்கான ஃபோல்டரில் சேவ் செய்து, மூடிவிட்டு, மறுபடி தேடித் திறக்க வேண்டும். தேர்வாளர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய மனிதர். சாந்தமானவர்தான், ஆனால் கால் ஓர் இடத்தில் நிற்காது. அறைக்குள் வந்ததிலிருந்து வரிசை வரிசையாக நடந்துகொண்டே இருந்தார். மேடம் மூலையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார்.

முதல் இருபத்தைந்து நிமிஷம் மின்னல் ஒன்றையும் தொடவில்லை. கேட்டார், நின்றார், பொறுத்தார். பூனைகளும் ஓணான்களும் ஒரு யானையும் ஒழுங்காகச் சேவ் ஆகி ஒழுங்காகத் திறந்தன. கட்டம் காலியாகவே இருந்தது. அப்போதுதான் முன்பல் விழுந்த ஒரு சிறுமியின் அணில் காணாமல் போனது.

"சார், நான் எழுதினது இல்ல" என்றாள். ஃபோல்டர் திறந்திருந்தது. உள்ளே அவளுடையது மட்டும் இல்லை. உதடு பிதுங்கத் தொடங்கியது.

மின்னலுக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. வேறெந்த வகுப்பு ஃபோல்டரிலோ போட்டிருக்கிறாள். இரண்டு சொடுக்கில் எடுத்துவிடலாம். அவர் அவள் பக்கத்தில் வந்து நின்று, கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டார். "சேவ் பண்ணினப்போ என்னென்ன செஞ்சே?"

"தெரியல."

"சரி. யோசி. அவசரம் இல்ல."

ஒரு நிமிஷம் போனது. மூன்று நிமிஷம் போனது. கண்ணீர் ஒன்று கீபோர்டில் விழுந்தது. பாடம் முடிய எட்டே நிமிஷம். நடந்துகொண்டிருந்த தேர்வாளர் பின்னால் வந்து நின்றார். அவரும் ஒரு காலத்தில் வாத்தியார்தானே, மனசு கேட்கவில்லை. "ஒண்ணுமில்ல பாப்பா, இங்க பாரு" என்று குனிந்து மவுஸை நோக்கிக் கை நீட்டினார்.

அந்தக் கை மவுஸைத் தொடவில்லை. மின்னல் அதன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"தொடாதீங்க சார். பாப்பா பாத்துக்குவா."

சொன்ன பிறகுதான் யார் கையைப் பிடித்திருக்கிறோம் என்பது உறைத்தது.  மூலையில் மேடம் முகத்தில் ஈயாடவில்லை. மின்னல் நெருப்பைத் தொட்டவர்போல் கையை விட்டார். ஒரு வருஷம் போச்சு என்று உள்ளுக்குள் ஒரு குரல் அடித்துக்கொண்டது. ஆனாலும் நகர்ந்து அவருக்கு வழிவிடவில்லை. தேர்வாளர் தன் மணிக்கட்டைப் பார்த்தார், சிறுமியைப் பார்த்தார், பிறகு மெதுவாக இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

சிறுமி இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து 'அணில்' என்று மட்டும் அடித்தாள். முன்பு செய்ததுபோலவே சேவ் என்பதை அழுத்திவிட்டு, எங்கே போகிறது என்று திரையில் மூக்கு உரச உற்றுப் பார்த்தாள். சேமிக்கும் ஜன்னல் ஒன்று திரையில் விரிந்தது. அது நாலாம் வகுப்பு ஃபோல்டர். அதற்குள் அவள் கொடுத்த பெயரிலேயே பழைய ஃபைல் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

"ஐ! இங்க இருக்கு!"

பரிசுப் பெட்டியைத் திறந்தவள்போல் அவள் குதித்தபோது, மணி அடித்தது. தேர்வாளர் குனிந்து, கையைப் பையிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"ரொம்ப நல்லாயிருக்கு. இப்படித் தேடணும்னு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன்."

"அப்போ இந்த சார் என்ன பண்ணாரு?"

சிறுமி மின்னலை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒண்ணுமே பண்ணல. சும்மா நின்னுட்டிருந்தாரு" என்று சொல்லிவிட்டு வரிசையில் ஓடிச் சேர்ந்துகொண்டாள்.

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். தேர்வாளர் மதிப்பெண் தாளை வாங்கிப் பார்த்தார்.

"என் கையைப் பிடிச்சதை எந்தக் கட்டத்துல போடறது?"

"அதுக்குக் கட்டம் இல்ல சார்" என்றார் மேடம்.

தேர்வாளர் தன் பேனாவை எடுத்து, குறிப்பு எழுதும் இடத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, மின்னலிடமே கொடுத்துவிட்டுப் போனார். மின்னல் காலியான அறையில் நின்று அதைப் படித்தார். மேலே, தேர்ச்சி என்று இருந்தது. கீழே, சிறுமி சொன்னது சொன்னபடியே இருந்தது: ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றார். கடையில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவர் சண்டைக்குப் போயிருப்பார். இப்போது அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார், எழுத்து கலங்கித் தெரியும் வரைக்கும்.