சாமத்தியவீட்டு அல்பம்

பிறந்ததிலிருந்தே என் இடது கன்னம் முழுக்கக் கருஞ்சிவப்பாக ஒரு மறு. ஜெர்மனியின் எசன் நகரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் அதை வைத்துத்தான் எனக்குப் பட்டப்பெயர் போட்டார்கள். பதின்மூன்று வயதில் பொறுமை போய், இந்தக் கேலிகளுக்கு எதிராக நானே ஒரு போஸ்டர் செய்தேன். என் முகத்தைப் பெரிதாகப் போட்டு, "இது என் முகம், இப்படியே பாருங்கள்" என்று ஜெர்மனில் எழுதினேன். அதைப் பள்ளி வாசலில் ஒட்டிய அன்று அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தா. ஆசிரியை கைகொடுத்தபோது அம்மாவுக்குக் கண் கலங்கியது. அவ என் பக்கம் என்று நம்பினேன்.

நான் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டின் பட அல்பம் அடுத்த மாதம் வந்தது. அதில் சேலையும் நகையுமாக நின்ற பிள்ளைக்கு இரண்டு கன்னமும் ஒரே நிறம். படக்காரர் கம்ப்யூட்டரில் என் மறுவை அழித்திருந்தார். அவர் விட்ட பிழை என்று நினைத்து, திருப்பி அனுப்பச் சொன்னேன்.

"நான்தான் அழிக்கச் சொன்னனான்," என்றா அம்மா, பக்கத்தைப் புரட்டியபடி.

"அப்ப அந்தப் போஸ்டர்?"

"அது ஜெர்மன்காரருக்கு. இது எங்கட ஆக்களுக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அல்பத்தைக் கிழித்திருப்பேன். ஆனால் அதற்குள் அதன் பிரதி ஒன்று கனடாவுக்குப் போய்விட்டிருந்தது. அதைப் பார்த்த பெரியம்மா ஒரு நாள் தொலைபேசியில், பிள்ளையின் மறு மாறி இல்லாமலே போய்விட்டதோ என்று கேட்டா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னா:

"ஓம் அக்கா, வடிவா மாறிட்டுது."