பனையேறி சுட்ட கலயம்

நான் பி.ஏ. தேறிய செய்தி வந்ததும், ஊரில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பிள்ளைக்குப் புதுப்பானையில்தான் பொங்கலிட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். பானை வாங்க ஆற்றங்கரைக் குயவர் தெருவுக்குப் போனேன். அங்கே அம்மையப்ப வேளார் முற்றத்தில், ஒரு காலை நீட்டிக்கொண்டு சக்கரத்தின் முன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மார்பெல்லாம் பனை உரசிக் காய்த்த தழும்பு. பனையேறிக்குச் சக்கரத்தில் என்ன வேலை என்று கேட்கப் போய்த்தான் ஞானையாவைத் தெரிந்துகொண்டேன். அது 1912. அவர் வாயால் கேட்ட கதை இது.

சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர். மரத்திலிருந்து விழுந்ததில் முழங்கால் மடங்காமல் போயிற்று. ஏறத்தான் முடியாது, பதநீர் இறக்குகிற கலயத்தையாவது செய்யலாமே என்று மனைவி சாலோமியிடம் சொல்லிவிட்டு ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார். பனங்காட்டுக்கெல்லாம் கலயம் கொடுத்துவந்த அம்மையப்பனுக்கும் பதநீர்ப் பருவம் பிறந்தால் கை போதாது.

"ஒரு சூளை வச்சுப் பாரும். கலயம் தேறினா சக்கரத்துல உமக்கும் இடம் உண்டு. தேறலைன்னா வந்த வழியே போயிரணும்" என்றார் அம்மையப்பன்.

குளத்துக் களிமண்ணில் ஆற்று மணல் கலந்து, கட்டி இல்லாமல் மிதிப்பதை ஒற்றைக் காலாலேயே பழகிவிட்டார். சக்கரம்தான் படுத்தியது. மண்ணுருண்டை நடுவில் நிற்காமல் ஆடும். பிடிக்கப் பிடிக்கப் பிதுங்கிச் சரியும். அம்மையப்பன் மனைவி மாரிக்கண்ணு பானை தட்டும் பலகையை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள்.

"அது ஓடியா போவுது அண்ணாச்சி? பனையைக் கட்டிப்பிடிக்க மாதிரி பிடிக்காதீய. கையை நனைச்சிக்கிட்டுப் பையத் தொடுங்க."

பையத் தொட்டார். மண் அடங்கியது. பெருவிரலை நடுவில் இறக்கி, சுவரை மெல்ல மேலே இழுத்து, நூலால் அறுத்து எடுக்கக் கற்றுக்கொண்டார். அடி திறந்தே இருக்கும். சற்று இறுகியபின் உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி மூட வேண்டும். அந்தத் தெருவில் சக்கரம் ஆணுக்கு, தட்டுவது பெண்ணுக்கு. ஞானையா தட்டவும் உட்கார்ந்தபோது தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அவர் கவலைப்படவில்லை.

ஒன்றை மட்டும் யாரையும் கேட்காமல் செய்தார். கலயத்தின் கழுத்தை ஆழமாகக் குழித்து, விளிம்பை வெளியே மடக்கினார். உச்சியில் கயிறு நழுவிக் கலயம் போன கதை ஏறினவருக்கல்லவா தெரியும்?

அத்தோடு நின்றிருக்கலாம். பதநீர் புளிக்காமலிருக்கத் தினமும் கலயத்துக்குள் சுண்ணாம்பு பூசி அலுத்தவர் அவர். மண்ணிலேயே சுண்ணாம்பு இருந்துவிட்டால் அந்த வேலை மிச்சமாகுமே! பழைய கலயங்களில் காய்ந்து கிடந்ததைச் சுரண்டிப் பொடித்து, மிதிக்கும்போது சத்தமில்லாமல் கலந்துவிட்டார்.

நிழலில் உலர்த்தி, வைக்கோலும் பனை மட்டையும் அடுக்கிச் சுட்டார்கள். சூளை பிரித்தபோது எல்லாம் செக்கச்செவேல். சுண்டினால் கோயில் மணிபோல ஒலித்தது. ஞானையா மீசையைத் தடவிக்கொண்டார்.

சாலோமியின் தம்பி அப்பாத்துரை, பனையேறிகளுக்குக் கலயம் ஏற்றிப்போக வண்டி கட்டிக்கொண்டு வந்தது அதற்குச் சில நாள் கழித்து. ஒரு கலயத்தை எடுத்துக் கயிறு மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுக்கிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். பொரி தெறிப்பதுபோல ஒரு சில்லு பறந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு அடுக்கு முழுக்கப் பொரிய ஆரம்பித்தது. எருது மிரண்டது.

ஞானையாவுக்கு ஊர்ப் பாதை கண்ணில் தெரிந்தது. சுண்ணாம்பு கலந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மாரிக்கண்ணு சிரிப்புத் தாளாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மையப்பன் சிரிக்கவில்லை. சில்லைப் புரட்டி, நடுவிலிருந்த வெள்ளைப் பொட்டைக் காட்டினார். சுண்ணாம்புக் குறுணை சூளையில் வெந்து, பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து வீங்கும். வீங்கினால் மண் என்ன செய்யும், தெறிக்கத்தான் செய்யும் என்றார். சக்கரத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அப்பாத்துரை கையிலிருந்த கலயம் அங்கங்கே பெயர்ந்திருந்தது. அவன் அதைக் கயிற்றோடு வீசி வீசி ஆட்டிக்கொண்டிருந்தான். கயிறு இம்மி நகரவில்லை.

"அத்தான், சுண்ணாம்பை நாங்களே பூசிக்கிடுதோம். இந்தக் கழுத்தை மட்டும் மாத்திராதீய. எல்லாருக்கும் இதே மாதிரிதான் வேணும்."

அம்மையப்பன் கலயத்தை வாங்கிக் கழுத்தில் விரலை ஓட்டினார்.

"சரி வே. நாளையிலிருந்து மண்ணை நான் மிதிக்கேன். நீரு சக்கரத்தை மட்டும் தொடும்."

அப்போதுதான் ஞானையாவும் சிரித்தார்.

இப்போது அவரும் சாலோமியும் அதே குயவர் தெருவின் கோடியில் குடியிருக்கிறார்கள். பருவத்துக்குப் பருவம் பனங்காட்டுக்கு அவர் வனைந்த கலயம்தான் போகிறது. மண் மிதிக்க அவரை இன்னும் விடுவதில்லை.