காலிதா கைக்கு வந்த கடிகாரம்

புதுமடத்தில் காலிதாவிடம் துணி தைக்கக் கொடுத்தவர்கள் பெருநாளை நினைத்துக் கவலைப்பட்டதில்லை. சொன்ன நாளில் தைத்துக் கொடுத்துவிடுவாள். தையலில் கறார், பேச்சில் அதைவிடக் கறார்.

1997இல் அவள் புருஷன் ஹமீது சுல்தான் குவைத்திலிருந்து விடுப்பில் வந்தார். அங்கே அவர் கார் ஓட்டிய வீட்டு முதலாளி பிரியத்தோடு கொடுத்த கைக்கடிகாரம் ஒன்று அவர் கையில் இருந்தது. வெள்ளை முகம், மெல்லிய ரோமன் எண்கள், பழுப்புத் தோல் வார்.

“சுவிட்சர்லாந்து சாமான் புள்ள. ரொம்ப ஒசத்தி.”

“பாத்தா கெழவன் கட்டுற வாச்சு மாதிரில்ல இருக்கு!”

ஊருக்கு வந்த மனுஷன் உண்பதும் உறங்குவதுமாகக் கிடந்தார். கழற்றி வைத்த கடிகாரம் நின்றுபோனது.

“அங்கன நல்லாத்தானே ஓடுச்சு?” என்று தலையைச் சொறிந்தவர், அதைத் தையல் மிஷின்மேல் வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

காலிதா எடுத்துத் திருப்பினாள். முதுகிலும் கண்ணாடி! உள்ளே பிறை போன்ற ஒரு தகடு சர்ரென்று சுற்றியது. அவ்வளவுதான், நின்றது ஓடத் தொடங்கியது. சின்னஞ்சிறு சக்கரங்கள், மாதுளை முத்துப்போல் சிவப்புக் கற்கள், மயிரிழைச் சுருள் ஒன்று விரிவதும் சுருங்குவதுமாய். உள்தகடுகளில்கூட அலை அலையாய்க் கோடு இழைத்திருந்தார்கள்.

வாரில் ஊசியால் புதுத்துளை போட்டுக் கையில் கட்டிக்கொண்டாள். துணி வெட்டினாள், தைத்தாள், இஸ்திரி போட்டாள். மறுநாளும் அது நிற்கவில்லை!

“மச்சான்! ஓடியாங்க! கை அசைஞ்சாத்தான் இதுக்கு உசுரு. நீங்க படுத்தே கெடந்தா அது என்ன செய்யும்?”

ஹமீது சுல்தானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அப்ப நீயே கட்டிக்க. ஒன் கைதான் சும்மா இருக்காதே.”

அந்த மாதமே பெரியபட்டினத்தில் ஒரு கல்யாணம். பெண்கள் நெக்லஸையும் வளையலையும் பார்த்துக்கொண்டிருக்க, காலிதா கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிப் பிடித்தாள். “இங்கன பாருங்க, சுத்துது பாருங்க!” நொடியில் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டு சாலிஹா எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

“பிரியாணி ஆறுது, வாங்களேன்!” என்று கல்யாண வீட்டார் கூப்பிட்டார்கள்.

“நீங்க மொதல்ல சாப்பிடுங்க,” என்றாள் சாலிஹா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே. “நாங்க பொறவு வாரோம்.”