ரத்தினபாய் டீச்சர் போட்ட கையெழுத்து

இரும்புலியூர் ரத்தினபாய் டீச்சருக்கு வாய் நீளம் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த வாயை அனாதை விடுதிக் கமிட்டியில் மட்டும் நான்கு வருஷம் மூடிவைத்திருந்தார் என்பதுதான் வேடிக்கை. கமிட்டி கூடினால்தானே பேசுவதற்கு! மாதம் ஒருமுறை பியூன் சிட்டிபாபு மினிட்ஸ் நோட்டைச் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுவருவார். வெற்றுப் பக்கத்தின் அடியில் டீச்சர் உட்பட உறுப்பினர்கள் ஏழு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். மேலே எழுத வேண்டியதைச் செயலாளர் சத்தியநாதன் பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்வார். மெத்தப் படித்த மனுஷர், அவரைப் போய்ச் சந்தேகிப்பதா?

1969 ஜூனில் ஒரு சாயங்காலம் டீச்சர் பள்ளி விட்டு வந்தபோது, விடுதிச் சமையற்காரி செல்வம்மாள் வாசலில் நின்றிருந்தாள். கோவளத்து மீனவர் வீட்டுப் பெண். பதினோரு வருஷமாக அந்தப் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டவள். அரிசியில் புழு இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அதற்குப் பரிசாக, கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்து அவளை நீக்கிவிட்டதாம்.

"இன்னா டீச்சர், நீங்களுமா கையெழுத்து போட்டீங்கோ?"

டீச்சர் நேரே விடுதிக்குப் போய் நோட்டைப் புரட்டினார். தீர்மானத்தின் கீழே அவருடைய அழகான, உருண்டை உருண்டையான கையெழுத்து. வெட்கத்தில் முகம் எரிந்தது. அப்புறம் கோபம் வந்தது.

அடுத்த ஞாயிறு வருஷாந்திரப் பொதுக்கூட்டம். டீச்சர் எழுந்து சத்தியநாதனைப் பார்த்தார்.

"கையெழுத்து என்னோடது சார். மேல இருக்கறது உங்களோடது. படிக்காம போட்டது என் தப்பு, ஒத்துக்கறேன். இதை எந்த மீட்டிங்ல பேசினோம்? யாராவது சொல்லுங்க."

 கமிட்டியில் இருந்த தபாலாபீஸ் கிருபா, "மீட்டிங்கே நடக்கலையே" என்றார்.

"டீச்சர், ராஜினாமா கொடுத்துட்டு மரியாதையா போயிடுங்க" என்றார் சத்தியநாதன்.

"மாட்டேன். என்னை நீக்கணும்னா இங்கயே நீக்குங்க. கையைத் தூக்கச் சொல்லுங்க, நான் எண்ணறேன்."

சத்தியநாதன் கை ஒன்றுதான் உயர்ந்தது.

நீக்கல் தீர்மானம் அங்கேயே ரத்தானது; செல்வம்மாள் மறுநாளே அடுப்படிக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து, உரக்கப் படித்துக் காட்டாத பக்கத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. கமிட்டிக்குப் புது ஆள் வந்தால் டீச்சர் வெற்றுப் பக்கத்தைத் திறந்து பேனாவை நீட்டுவார். பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே போட்டுவிடுவார்கள்.

உடனே அடுப்படிப் பக்கம் குரல் கொடுப்பார். செல்வம்மாள் ஈரக் கையோடு வந்து நிற்பாள்.

"இவங்க வேலையைத்தான் இப்ப நீங்க பறிச்சீங்க" என்பார் டீச்சர்.